புயலுக்கு முன் ஏழு நாள் கணக்கு
வீட்டிலும் தொழுவத்திலும் என்னென்ன இருக்க வேண்டும்?

2018-ம் ஆண்டு நவம்பர் 15-ம் தேதி இரவு. புயல் வருகிறது என்று வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டிருந்தன. தாழ்வான பகுதிகளிலும் கடலோரக் கூரை வீடுகளிலும் இருந்த 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் முகாம்களுக்கு வந்துவிட்டார்கள். ஆனால், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம், ‘கடல் தூரத்தில் இருக்கிறது, நம் ஊருக்கு மழைதான் வரும்’ என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. நள்ளிரவு தாண்டி, 16-ம் தேதி அதிகாலையில் ‘கஜா’ நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. உள்மாவட்டங்கள் வரை வந்தது. பொழுது விடிந்தபோது தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன.

காற்று சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதன்பிறகுதான் நீண்ட கஷ்டம் ஆரம்பித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் ஓடவில்லை. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்ததால் நிவாரண வண்டி ஊருக்குள் வர நாட்கள் ஆயின. மெழுகுவத்தியும் பால் பாக்கெட்டும் கூடுதல் விலை சொன்ன இடங்கள் உண்டு. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். சில உட்கிராமங்களில் விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆனது.

புயலின் காற்றை யாராலும் தடுக்க முடியாது. ஆனால், புயலுக்குப் பிறகு வரும் முதல் ஒரு வாரத்தை ஒரு குடும்பம் யாரையும் எதிர்பார்க்காமல் கடக்க முடியும். அதற்குத் தேவை, அக்டோபர் பிறக்கும்போதே போட்டு வைக்கும் ஒரு கணக்கு.

அறிவிப்பைப் படிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் தமிழகக் கரைக்குப் புயல் ஆபத்து அதிகம். 2011 டிசம்பரில் ‘தானே’, 2016 டிசம்பரில் ‘வர்தா’, 2018 நவம்பரில் ‘கஜா’, 2020 நவம்பரில் ‘நிவர்’, 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ என்று எல்லாமே இந்த மூன்று மாதங்களில் வந்தவைதான். சம்பா பயிர் வயலில் நிற்கும் காலமும் இதுவே.

இந்திய வானிலை ஆய்வு மையம் நான்கு கட்டங்களாகப் புயல் செய்தியைத் தருகிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முதல் கண்காணிப்புச் செய்தி வரும். கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது மஞ்சள் நிற எச்சரிக்கை. 24 மணி நேரம் இருக்கும்போது ஆரஞ்சு. கரையைக் கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரத்துக்கு முன் வருவது சிவப்பு. அது, புயல் நிலத்துக்குள் நுழைந்தபின் எந்தெந்த மாவட்டங்கள் பாதிக்கப்படும் என்றும் சொல்லும். உள்மாவட்ட விவசாயிகள் கவனமாகக் கேட்க வேண்டியது இந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டு எண்கள் கப்பல்களுக்கும் மீனவர்களுக்குமானவை. 1, 2-ம் எண் என்றால் புயல் சின்னம் தூரக் கடலில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11-ம் எண், 10-ஐவிடப் பெரிய புயல் என்பதல்ல. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ‘நம்ம ஊரில் 3-ம் எண்தானே ஏற்றியிருக்கிறார்கள்’ என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. புயல் பாதை கடைசி நாளில்கூடத் திசை மாறக்கூடும்.

கடைக்குப் போய்ப் பொருள் வாங்கும் வேலையெல்லாம் மஞ்சள் எச்சரிக்கைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆரஞ்சு வந்தபின் செய்ய வேண்டியவை, தண்ணீர் நிரப்புவது, கட்டுவது, மூடுவது, மேலே ஏற்றுவது மட்டுமே.

முதலில் தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். ஏழு நாளைக்கு 175 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் என்றால் 12 குடம். பாத்திரம் கழுவ, கை கால் கழுவ, கழிப்பறைக்குத் தனியாக 200 லிட்டர் டிரம் இரண்டு. மழைக்காலம் என்பதால் இந்த உபயோகத் தண்ணீரை ஓட்டிலிருந்தும் மாடியிலிருந்தும் பிடித்து ஈடுகட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் உள்ள எவர்சில்வர் குடம், அண்டா, இட்லிக் கொப்பரை, பிரஷர் குக்கர் எல்லாமே அன்றைக்குத் தண்ணீர்ப் பாத்திரம்தான். முந்தின நாள் கழுவி, நிரப்பி, மூடி, துணியால் வாய் கட்டி வைக்க வேண்டும். மொண்டு எடுக்கக் கைப்பிடி உள்ள கரண்டி வேண்டும். கையை உள்ளே விட்டால் முழுக் குடமும் கெட்டுவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த கேன்களையும், பழைய இரும்புக் கடையில் வாங்கிய, முன்பு என்ன இருந்தது என்று தெரியாத நீல டிரம்களையும் குடிநீருக்கோ மாட்டுத் தண்ணீருக்கோ பயன்படுத்தக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் மருந்து பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். அதேபோல யூரியா வந்த சாக்கில் அரிசியையும் அவலையும் கட்டக் கூடாது.

கையிருப்புத் தீர்ந்து வேறு தண்ணீர் எடுக்க நேர்ந்தால், வெள்ளைத் துணியை நான்காக மடித்து வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்க வேண்டும். விறகு இல்லை என்றால் குளோரின் மாத்திரை உதவும். அட்டையில் எழுதியிருக்கும் அளவுப்படி போட்டு, அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். மாத்திரையை முன்கூட்டியே கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடல்நீர் புகுந்த கிணற்றுக்கு இந்த வழிகள் எதுவும் உதவாது. கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் உப்பு போகாது. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, சுகாதார ஆய்வாளரை அழைத்துக் குளோரின் போட்ட பிறகே குடிநீருக்குத் தொட வேண்டும்.

அடுப்பு எரியாத இரண்டு நாள்

பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால், ஐந்து பேருக்கு ஏழு நாளைக்கு 14 கிலோ. பருப்பு 2 கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், உப்பு, புளி, மிளகாய்த்தூள், சர்க்கரை, தேயிலை. இதெல்லாம் எல்லோரும் நினைப்பதுதான். பலரும் மறந்துவிடுவது, சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. ஓடு பறந்து, அடுப்படியில் மழை கொட்டும்போது 14 கிலோ அரிசி இருந்தும் பசி தீராது.

முதல் இரண்டு நாளைக்கு இரண்டு வேளை வீதம், ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அவல் என்று கணக்கிட்டால் ஐந்து பேருக்கு 2 கிலோ அவல். அத்துடன் பொட்டுக்கடலை ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ, வறுத்த வேர்க்கடலை, பொரி, ரஸ்க். குழந்தைகளுக்கு வறுத்து அரைத்த சத்துமாவு. அவலைக் கழுவி ஊறவைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் ஒரு வேளை முடிந்தது. புயல் வரும் நாளில் பகலிலேயே சோறு வடித்து வைத்தால் இரவுக்கும் ஆகும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் காலைக்குப் பழைய சோறு தயார்.

குளிர்பதனப் பெட்டியை நம்பக் கூடாது. சேனை, சேப்பங்கிழங்கு, உருளை, வெங்காயம், பூசணி, வாழைக்காய் ஆகியவை வெளியில் இருந்தாலே ஒரு வாரம் தாங்கும். சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு எல்லாம் சித்திரை, வைகாசி வெயிலில் பாட்டிமார்கள் போட்டு வைத்தது மழைக்காலத்தை நினைத்துத்தான்.

எரிபொருளுக்கு, சிலிண்டர் பாதியாகும்போதே மறு சிலிண்டர் பதிவு செய்துவிட வேண்டும். காற்று தொடங்கியதும் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். புயலுக்குப் பின் குழாயைப் பார்த்து, வாசனை இல்லை என்று உறுதி செய்தபிறகே பற்றவைக்க வேண்டும். சிலிண்டர் இருந்தாலும் பத்து நாளைக்கான காய்ந்த விறகு, வறட்டி, தேங்காய் மட்டை, கொட்டாங்குச்சி பரணில் இருக்கட்டும். தீப்பெட்டிகளை இறுக மூடும் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

வெளிச்சம், செய்தி, பணம்

டார்ச் லைட் இரண்டு, அதற்கு இரண்டு செட் மாற்று பேட்டரி, சூரிய ஒளி விளக்கு ஒன்று. மெழுகுவத்தியைவிட இவை பாதுகாப்பானவை. கூரை வீட்டில் மெழுகுவத்தி புயலைவிட ஆபத்து. ஸ்மார்ட் போன் ஒரு நாளில் அணைந்துவிடும். பட்டன் போன் ஒன்றை முழுச் சார்ஜ் ஏற்றி அணைத்து வைத்தால் ஒரு வாரத்துக்கு அவசர அழைப்புக்கு ஆகும். டிராக்டர் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்றும் 12 வோல்ட் சார்ஜர் ஒன்று தெருவுக்கே உதவும்.

பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். கோபுரம் சாய்ந்து செல்போன் ஊமையான பிறகும் திருச்சி, காரைக்கால் வானொலிச் செய்தியை அது கொண்டுவரும். ‘அடுத்த புயல் வருகிறதாம்’ என்ற வதந்தியையும் அதுதான் தீர்க்கும்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வீட்டில் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் கார்டும் செல்போன் பணமும் செல்லாது.

அழைக்க வேண்டிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டலாம்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியப் புகார் 1912, கால்நடை அவசர ஊர்தி 1962.

மருந்துப் பெட்டி

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், வலிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்குத் தினமும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஒரு மாத மாத்திரை கையில் இருக்க வேண்டும். இதை அக்டோபரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வாங்கிவிடலாம். காய்ச்சல் மாத்திரை, காயத்துக்கு மருந்து, பஞ்சு, கட்டுத்துணி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி அளந்து கரைக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. பெண்களுக்கான நாப்கின், கைக்குழந்தைக்கான துணிகளையும் மறக்கக் கூடாது.

வெள்ளம் வந்தால் பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். இரவில் டார்ச், செருப்பு, கையில் ஒரு கம்பு இல்லாமல் வெளியே போகக் கூடாது. கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரசவத் தேதி நெருங்கிய பெண்களையும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்பிவிடுவது நல்லது. மரம் விழுந்த சாலையில் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வர முடியாது.

தொழுவத்துக்கும் ஒரு கணக்கு

கறவை மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 7 கிலோ வைக்கோல் என்றால், இரண்டு மாட்டுக்கு ஏழு நாளைக்குச் சுமார் 100 கிலோ. பிண்ணாக்கும் தவிடும் மாட்டுக்கு 2 கிலோ வீதம் 28 கிலோ. தண்ணீர் மாடு ஒன்றுக்கு 50 லிட்டர். இதில் பெரும்பகுதியை மழைநீரிலும் நல்ல குளத்திலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் முதல் இரண்டு நாளைக்கான 200 லிட்டரைத் தொட்டியில் நிரப்பி வைக்க வேண்டும். வைக்கோல் போரின் அடியில் மரக்கட்டை, பனைமட்டை போட்டு உயர்த்தி, மேலே தார்ப்பாய் மூடி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கொடுத்தால் மாடு நோய்வாய்ப்படும்.

தொண்டை அடைப்பான், கோமாரி, ஆட்டுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசிகளை மழை தொடங்குமுன் போட்டிருக்க வேண்டும். காற்று தொடங்குமுன் மாடுகளின் தும்பை அவிழ்த்துவிட வேண்டும். தப்பி ஓட வழியில்லாமல் கொட்டகைக்குள் கட்டிக் கிடக்கும் மாடுதான் சுவர் சாய்ந்தாலும் தண்ணீர் ஏறினாலும் முதலில் போகும். தென்னை, மின்கம்பி இரண்டும் இல்லாத மேட்டு நிலத்தில் விடுவதே நல்லது.

விதைநெல்லை உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில் கட்டிப் பரணில் ஏற்ற வேண்டும். பூச்சிமருந்துப் புட்டிகளைத் தண்ணீர் தொடாத உயரத்தில், உணவுப் பொருள் இல்லாத அறையில் பூட்டி வைக்க வேண்டும். டீசலைக் கேனில் அடைத்து வீட்டுக்கு வெளியே வைக்கலாம். ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டக் கூடாது. அதன் புகை வாசனை தெரியாமலேயே உயிரைக் குடிக்கும். அரிவாள், கோடாரி, ரம்பம், மண்வெட்டி, கடப்பாரை, 50 அடிக் கயிறு, இரண்டு தார்ப்பாய் ஆகியவை வீட்டுக்குள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வாசலில் விழுந்த மரத்தை வெட்டினால்தான் வெளியே போகவே முடியும்.

காகிதம் நனைந்தால்

பட்டா, சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது, நகைக்கடன் ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் இரட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி உள்ள வாளிக்குள் வைக்க வேண்டும். வீடு, தொழுவம், தோப்பு, பயிர், மாடு ஒவ்வொன்றையும் புயலுக்கு முந்தின நாள் தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வெளியூர் உறவினருக்கு அனுப்பிவிட வேண்டும். கணக்கெடுப்புக்கு அதிகாரிகள் வரும்போது, இருந்ததையும் போனதையும் காட்ட அதுவே சாட்சி. காப்பீடு செய்த பயிரை அறுத்து வயலில் காயப்போட்ட 14 நாட்களுக்குள் புயல் மழையில் நனைந்தால், 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேளாண்மைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

வாங்க வசதி இல்லாதவர்கள்?

இந்தப் பட்டியலை ஒரே நாளில் வாங்கக் கூலி வேலை செய்யும் குடும்பத்தால் முடியாது. முடியாது என்பதாலேயே அவர்கள் வீட்டில்தான் முதலில் பானை காலியாகிறது. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஆடி மாதத்திலிருந்து தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வந்தால், ஐப்பசி பிறக்கும்போது சில கிலோ சேர்ந்திருக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாத ரேஷன் அரிசியைக் கடைசி வாரம் வரை விடாமல் முதல் வாரமே வாங்கிவிட வேண்டும். வாரச் சந்தையில் ஒரு வாரம் அவல், மறு வாரம் டார்ச், அடுத்த வாரம் தார்ப்பாய் என்று பிரித்து வாங்கலாம்.

சிலவற்றைத் தெருவாகச் சேர்ந்து வைக்க வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு மர ரம்பம், ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டருக்கு முன்பேச்சு, மகளிர் குழு வழியாக ஒரு பெரிய அண்டா, பொது அரிசி. எந்த வீட்டில் தனியாக ஒரு முதியவர் இருக்கிறார், யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற பட்டியலையும் குழுவே வைத்துக்கொள்ளலாம்.

வாசகர்கள் கேட்கும் சில கேள்விகள்

கேள்வி: கூரை வீட்டில் இருக்கிறோம். இவ்வளவு பொருளையும் எங்கே வைப்பது?
பதில்: புயல் எச்சரிக்கை வந்தால் கூரை, ஓடு, சிமெண்ட் ஷீட் வீடுகளில் தங்கவே கூடாது. பொருட்களை முன்னதாகவே உறவினரின் காரை வீட்டில் வைத்துவிட்டு, புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, போர்வை, மருந்து, ஆவணம், டார்ச், அவல், இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்ட கைப்பை போதும். நடுவில் காற்று திடீரென்று நின்றுவிட்டால் வெளியே வரக் கூடாது. புயலின் கண் தலைக்கு மேலே கடக்கும்போது அப்படி இருக்கும்; சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

கேள்வி: மின்சாரம் இல்லாவிட்டால் இன்சுலின் கெட்டுவிடுமா?
பதில்: உடனே கெடாது. ஒரு பெரிய மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறிய மண் கலயத்தை வைத்து, இன்சுலினைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உள்ளே வைத்து மூட வேண்டும். மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். திறந்து பயன்படுத்தும் குப்பி இப்படிக் குளிர்ச்சியாக இருந்தால் பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை தாங்கும். நிறம் மாறினாலோ கட்டி தெரிந்தாலோ போடக் கூடாது.

கேள்வி: வெள்ளத்தில் நனைந்த அரிசியைக் காயவைத்துச் சமைக்கலாமா?
பதில்: கூடாது. வெள்ளத்தில் சாக்கடையும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். நல்ல மழைநீரில் மட்டும் நனைந்த நெல்லை அன்றே பரப்பி உலர்த்தி அரவைக்கு அனுப்பலாம். விதைக்கு வைக்க வேண்டாம்.

கேள்வி: அறுந்த கம்பி வயலில் கிடக்கிறது. ஊரில் மின்சாரம் இல்லையே, நகர்த்தலாமா?
பதில்: தொடவே கூடாது. எப்போது மின்சாரம் வரும் என்று தெரியாது. எங்கோ ஓடும் ஜெனரேட்டரிலிருந்தும் கம்பியில் மின்சாரம் ஏறியிருக்கலாம். மாடுகளை அந்தப் பக்கம் விடாமல், மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எல்லாம் வாங்கி வைத்தோம், புயல் வரவில்லை. வீண்தானே?
பதில்: ஒன்றும் வீணில்லை. அரிசியும் பருப்பும் வெல்லமும் பொங்கலுக்கு ஆகும். அவலைத் தை மாதத்துக்குள் சாப்பிட்டு முடிக்கலாம். பேட்டரியைக் கழற்றி டார்ச்சைத் தனியாக வைக்கலாம். மருந்தின் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த ஆடியில் மறுபடியும் பிடி அரிசியை ஆரம்பிக்கலாம்.